நிறம் போன கம்பிகள்

காளீஸ்வரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மேலகரத்தில் யாரையாவது கேட்டால், கேட்டவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சோலியைச் சுத்தமாப் பாப்பா" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. அதையும் அவளுக்காகச் சொல்வதில்லை. கேட்டவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று சொல்வது.

சண்டை போடாமல் அவள் விட்டுவந்த இடம் எதுவும் இல்லை. பிறந்தது வடகரையில், நெல் விளைந்த வீட்டில். அண்ணன்கள் இருவரும் போலீஸில் சேர்ந்தபிறகு வயலைக் குத்தகைக்கு விட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். கேட்காததால் அந்த வீட்டு வாசலை அவள் மிதிப்பதில்லை. வாக்கப்பட்டது சுரண்டையில். புருஷன் கடைவீதியில் சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனுஷன். வீட்டுக்குள் அவர் பேச்சு வேறு. ஒருநாள் ஒரு பையோடு தென்காசி பஸ்ஸில் ஏறினாள். அவர் தேடி வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுக்கிப் பார்த்தால் எல்லா இடத்திலும் அவள் பக்கமே நியாயம் இருந்ததாகத் தெரியும். இருந்தது. ஆனால் நியாயம் உள்ளவர்களோடு சேர்ந்திருப்பது சுகமான காரியம் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய அவளுக்கு இப்போது இருந்ததெல்லாம் மேலகரத்தில் ஒரு வாடகை அறையும், குற்றாலம் போகிற ரோட்டில் செல்லச்சாமியின் எவர்சில்வர் பட்டறையில் ஒரு வேலையும். மாடிப்படிக் கைப்பிடி, கேட், ஓட்டல் சமையல்மேஜை என்று அங்கே செய்வார்கள். கூட்டிப் பெருக்க வந்தவள், பிறகு பற்றவைத்த இடங்களை பஃப் போட்டுப் பளபளப்பாக்கக் கற்றுக்கொண்டாள். கிரைண்டரில் உட்கார்ந்திருந்த ஆள் விரலைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றபோது, அந்த ஸ்டூலிலும் அவளே உட்கார்ந்தாள்.

கிரைண்டரில் அவளுக்கு முக்கியமான வேலை டங்ஸ்டன் கம்பி தீட்டுவது. ஆர்கான் வெல்டிங் டார்ச்சின் நுனியில் பென்சில் குச்சியைவிட மெல்லியதாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்க் என்கிற மின்நெருப்பு அதன் முனையிலிருந்துதான் பாயும். கம்பி உருகாது, ஆனால் முனை மழுங்கும். மழுங்கினால் பென்சில் சீவுவதுபோலத் திரும்பவும் சீவ வேண்டும். கம்பியின் ஒரு நுனியில் வண்ணம் பூசியிருக்கும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுவதற்கு. அந்தப் பட்டறையில் எப்போதும் சிவப்பு முனைக் கம்பிதான்.

அந்தக் கம்பிகளைப் பிடித்தவர் பேச்சிராஜ். ஐம்பது வயது, ஷார்ஜாவில் பத்து வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் போட்ட வெல்டிங்கைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு லாட்ஜ்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனதில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தது நடையில் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், குற்றாலத்து லாட்ஜ் முதலாளி ஒருவர் வந்து நின்றபோது, "ஏட்டி, இங்கன வந்து இந்த பெஞ்சைத் தொடைச்சு விடு" என்றார் பேச்சிராஜ்.

"உம்ம வீட்டுக்காரியக் கூப்பிடும் தொடைக்கதுக்கு" என்றாள் காளீஸ்வரி.

லாட்ஜ்காரர் சிரித்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேச்சில்லாமல் வேலை எப்படி நடக்கும்? அதற்கு ஒரு வழக்கம் தானாக உண்டானது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டின். மழுங்கிய கம்பியை அவர் அதில் வீசுவார். தீட்டியதை அவள் அதில் வீசுவாள். அவர் டின்னுக்கு எழுந்து வரும் தடவையைப் பாதியாகக் குறைக்க, அவள் கம்பியின் இரண்டு நுனியையும் கூராக்கினாள். ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். அந்த முகத்தைப் பார்ப்பது ஒரு தடவை மிச்சம். வண்ணம் பூசிய நுனி அதில் தேய்ந்து போயிற்று. எல்லாமே சிவப்பு முனை என்று இருந்த இடத்தில் நிறம் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மே மாதக் கடைசியில் காற்று கிளம்பியது. செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றுக்கு, வெல்டிங்கைச் சுற்றி மூடிக் காக்கும் ஆர்கான் வாயு நிற்காது, கலைந்து போகும். வெல்டிங் கருத்துப் பொங்கும். எனவே வருஷா வருஷம் சீசன் தொடங்கும்போது பேச்சிராஜ் பட்டறையின் மூன்று பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டச் சொல்வார். உள்ளே புழுங்கும். கிரைண்டர் பொடி போக வழியில்லாமல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் நாகராஜன் வந்தான். திருநெல்வேலியிலிருந்து வெல்டிங் சாமான் கொண்டுவந்து கொடுப்பவன். வேதியியல் படித்துவிட்டு அதற்கேற்ற வேலை கிடைக்காதவன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கையில் நீல முனைக் கம்பி ஒரு டப்பா.

"அண்ணாச்சி, இனிமே இதப் போடுங்க. சிவப்ப விட்டுருங்க. சிவப்புல தோரியம் கெடக்கு."

"கெடந்தா கெடக்கட்டும். நாங்க என்ன அதத் திங்கவா போறோம்?" என்றார் செல்லச்சாமி.

"திங்க வேண்டாம். தீட்டுற பொடி மூக்குல போனாப் போதும்."

கிரைண்டர் நின்றது. காளீஸ்வரி திரும்பினாள். "என்னது போகும்?"

நாகராஜனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பைப் துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டான். "அக்கா, பள்ளிக்கூடத்துல கட்டங்கட்டமா ஒரு படம் தொங்கும் பாத்திருக்கேளா? உலகத்துல உள்ள தனிமம் எல்லாம் அதுல இருக்கும். அதுக்குக் கீழ ரெண்டு வரிசைய மட்டும் தனியாத் தள்ளி வச்சிருப்பான்."

"நம்ம பட்டறைல கிரைண்டரத் தள்ளி வச்சிருக்க மாதிரி" என்று பேச்சிராஜ் தார்ப்பாயைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒருத்தரும் என்னத் தள்ளி வைக்கல, நாந்தான் சில சவத்த எல்லாம் தள்ளி வச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் அவள், செல்லச்சாமியிடம்.

"நீ சொல்லுப்பா" என்றார் செல்லச்சாமி நாகராஜனிடம். இந்த மாதிரிப் பேச்சு அவருக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்ப் பழக்கம்.

"மேல் வரிசை லாந்தனைடு. கீழ் வரிசை ஆக்டினைடு. மேல உள்ளதுகெல்லாம் ஒரே ஜாடை. ஒண்ணுலேருந்து ஒண்ணப் பிரிச்செடுக்குறதுக்குள்ள கம்பெனிக்காரனுக்கு உசுரு போயிரும். ஆனா சாது. உங்க போன் ஸ்பீக்கர் காந்தத்துல ஒண்ணு இருக்கு. கேஸ் டார்ச் பத்தவைக்க உரசுதாரே அண்ணாச்சி, அந்த லைட்டர் கல்லுல ஒண்ணு இருக்கு. கீழ் வரிசை அப்படியில்ல. அதுல உள்ளது ஒவ்வொண்ணும் இருந்த எடத்துலயே சிதைஞ்சுக்கிட்டு கெடக்கும். சிதையும்போது கதிர் விடும். கூடங்குளத்துல போடுற யுரேனியம் கீழ் வரிசை. இந்தச் சிவப்புல உள்ள தோரியமும் கீழ் வரிசை. நீலத்துல உள்ளது லாந்தனம். மேல் வரிசை."

"பெறவு எதுக்கு அத இதுல போய்க் கலக்குதான்?"

"வெறும் டங்ஸ்டன்ல ஆர்க் விழ அடம்பிடிக்கும் அக்கா. நூத்துக்கு ரெண்டு பங்கு தோரியத்தக் கலந்தா எலக்ட்ரான் சுலுவா வெளிய வருது, முனையும் வெரசா மழுங்காது. அதே வேலைய லாந்தனமும் செய்யுது. அப்ப எதுக்கு வம்பு?"

நாகராஜன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் விற்க வந்தவனின் சரி. மேல் வரிசையிலும் ப்ரொமீத்தியம் என்று ஒன்று சிதைவதுதான். கீழ் வரிசை அமெரீசியத்தின் ஒரு துளி, புகை எழுந்தால் அலறும் கருவிக்குள் இருந்து ஆட்களை எழுப்பிவிடுகிறது. லாந்தனம் கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையான உலோகம். வெட்டிய இடம் காற்றுப் பட்டால் சீக்கிரமே மங்கிவிடும். தோரியம் ஏறக்குறைய அதன் இரட்டிப்புக் கனம். அதன் ஆக்சைடைப்போல வெப்பம் தாங்குவது அபூர்வம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் வலையில் அதுதான் இருந்து வெளிச்சம் கொடுத்தது. அதன் கதிர் நம் தோலைக்கூடத் தாண்டாது. டப்பாவில் கிடக்கும் கம்பி யாரையும் ஒன்றும் செய்யப் போவதில்லை. பொடியாகி நுரையீரலுக்குள் போய்த் தங்கினால்தான் வினை. இத்தனைக்கும் கொல்லம், கன்னியாகுமரிக் கரைகளில் கிடைக்கும் மோனசைட் மணலில் இவை இரண்டும் ஒரே மணலுக்குள் கலந்தே கிடக்கின்றன. இதில் எது நல்லது எது கெட்டது என்பது, அதை யார், எங்கே, மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வைத்துத் தேய்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

காளீஸ்வரி வைத்திருந்தது மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

"இத்தன வருஷமா இதத்தான மூஞ்சிக்கு நேரா பிடிச்சுத் தீட்டிட்டு இருக்கேன்" என்றாள். குரலில் பயம் தெரியவில்லை. யார்மேல் பாய்வது என்று தேடுகிற குரலாக இருந்தது. "இதுவரைக்கும் ஒரு பய சொல்லல."

பேச்சிராஜ் சிரித்தார். "நான் ஷார்ஜால பத்து வருஷம் இதப் பிடிச்சேன். எனக்குக் கொம்பா மொளைச்சிருக்கு? இவனுக்கு நீலம் விக்கணும், அதுக்கு ஒரு கத."

"அங்கன நீங்க கையால தீட்டுனீங்களாண்ணே?" என்றான் நாகராஜன்.

"அங்கன மிஷினு இருந்துச்சுலே. கம்பிய நீட்டுனா அதுவே தீட்டித் தரும்."

"இங்கனயும் மிஷினுன்னு நெனச்சாரு போல" என்றாள் காளீஸ்வரி.

மறுநாள் காலையில் பிஸ்கட் டின் தீட்டப்படாத கம்பிகளோடு பேச்சிராஜின் பெஞ்சில் இருந்தது. செல்லச்சாமியிடம் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "செவப்ப இனி நான் தொடமாட்டேன்."

அவளுக்கு அதில் பயம் பாதி. மறுபாதி பேச்சிராஜின் மேலிருந்த வெறுப்பு. அவர் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் அவள் இத்தனை பிடிவாதமாக நீலத்துக்கு மாறியிருப்பாளா என்பது சந்தேகம். ஆனால் காரணம் கலப்படமானது என்பதால் கோரிக்கை தப்பாகிவிடாது. நெஞ்சு அவளுடையது.

செல்லச்சாமிக்குக் குற்றாலத்து லாட்ஜ் வேலை தலைக்குமேல் இருந்தது. சாரல் விழுந்து கூட்டம் சேர்வதற்குள் மூன்று மாடிக்கும் கைப்பிடி நிற்க வேண்டும். "சரி, நீலத்தையே போடுங்கப்பா, சண்டை வேண்டாம்" என்று நாகராஜன் விட்டுப்போன டப்பாவைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அந்தப் பொம்பள சொல்லி நான் கம்பி மாத்தணும்?" என்று பேச்சிராஜ் வெல்டிங் மிஷினிடம் கேட்டார். மிஷின் பதில் சொல்லவில்லை. அவர் நீலத்தையும் வாங்கிக்கொண்டார். தன்னிடம் இருந்த சிவப்பையும் விடவில்லை. இரண்டும் மழுங்கியபோது இரண்டையும் டின்னில் வீசினார்.

தவறு அங்கே அவர் செய்தது மட்டுமல்ல. நீலக் கம்பிகள் முதலில் வந்தபோது காளீஸ்வரி என்ன செய்தாள்? இரண்டு வருஷப் பழக்கம் கையில் இருந்தது. ஒரு நுனியைத் தீட்டினாள். திருப்பி மறு நுனியையும் தீட்டினாள். சிவப்பில் வண்ணம் முன்பே போயிருந்தது, இப்போது நீல வண்ணமும் கல்லில் உரசிப் போயிற்று. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் டின்னைக் கவிழ்த்தபோது, நிறமில்லாத கம்பிகள் ஒரு பிடி விழுந்தன. எல்லாம் ஒரே சாம்பல். எது மேல் வரிசை, எது கீழ் வரிசை?

அந்தப் பேச்சில்லாத பகைதான் இரண்டு முனையையும் கூராக்கியது. அதுவே இப்போது அவள் கண்ணைக் கட்டியது. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தன்மேல் வந்தது. தன்மேல் வரும் கோபத்தை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. டின்னைத் தூக்கிப் பேச்சிராஜின் காலடியில் வீசினாள்.

"அண்ணாச்சி, நெறம் இல்லாத கம்பி ஒண்ணைக்கூடத் தீட்டமாட்டேன்னு சொல்லுங்க. எல்லாத்துலயும் செவப்பக் கலந்து வச்சிருக்காரு."

"அண்ணாச்சி, நெறத்தத் தேய்ச்சது யாருன்னு அவகிட்டக் கேளுங்க. நானா கல்லுகிட்ட உக்காந்திருந்தேன்?"

"யாரு மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம ரெண்டு பக்கமும் தீட்டுனேன்னு கேளுங்க."

"ஏ, ரெண்டு பேரும் எங்கிட்ட எதையும் கேக்க வேண்டாம்!" செல்லச்சாமி கையிலிருந்த அளவுநாடாவைத் தரையில் அடித்தார். "லாட்ஜ்காரன் காலைலேருந்து போன்ல என்னைக் கிழிக்கான். காளீஸ்வரி, நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்குக் கம்பி தீட்டலன்னா புளியரைலேருந்து ஒரு ஆள் வாரேன்னு சொல்லியிருக்கான். அவன் செவப்பு நீலம்லாம் பாக்கமாட்டான்."

அதுதான் இப்போது அவள் முன்னால் இருந்தது. இந்த ஸ்டூலா, நெஞ்சா. இதைவிட்டுப் போனால் மேலகரத்திலும் தென்காசியிலும் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுப்பவர் யாரும் இல்லை. அந்த அளவுக்குப் பெயர் எடுத்திருந்தாள். வடகரைக்குப் போவது என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை.

"வரட்டும். அவனுக்கும் ரெண்டு நுரையீரல்தான் இருக்கும்" என்றாள்.

பேச்சிராஜ் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் கதை அன்றோடு அந்தப் பட்டறையில் முடிந்திருக்கும். அவரால் இருக்க முடியவில்லை. ஜெயிக்கிறோம் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் ஜெயிக்கத் தோன்றும் குணம்.

"நெறம் எதுக்கு? கையில வெல்டிங் உள்ளவனுக்கு நெறம் வேணுமா? ஆர்க் விழுந்த மறு செகண்டு சொல்லிருவேன், இது செவப்பு, இது நீலம்னு. நீலம்னா ஆர்க் ஆடும், அங்கயும் இங்கயும் ஓடும். செவப்பு ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அதனாலதான் நான் செவப்ப விடமாட்டேங்கேன். இவளுக்கு என்ன தெரியும்?"

"அப்ப சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் காளீஸ்வரி. "முகமூடியப் போட்டுக்கிட்டுச் சொல்லட்டும். சரியாச் சொன்னா நானே போயிருதேன். புளியரை ஆளக் கூப்பிடுங்க. தப்பாச் சொன்னா செவப்பு இந்தப் பட்டறைக்குள்ள வரக் கூடாது."

"இதென்னம்மா பந்தயம்" என்று செல்லச்சாமி இழுத்தார். ஆனால் அவர் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. எப்படியோ ஒரு முடிவு தெரியும்.

"சரின்னு சொல்லுங்க" என்றார் பேச்சிராஜ்.

புதுக் கம்பியாக மூன்று சிவப்பு, மூன்று நீலம். நீலத்தைக் காளீஸ்வரி தீட்டினாள். சிவப்பை?

"தொடமாட்டேன்னு சொல்லியாச்சு."

எனவே தலைமை வெல்டர் கிரைண்டர் ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. அவருக்கு ஸ்டூல் சின்னதாக இருந்தது. எதிலே காலை வைப்பது என்று தெரியவில்லை. கம்பியைக் கல்லின் மேல் குறுக்காக வைத்து விரலால் உருட்டி உருட்டித் தேய்த்தார். முனை கூர்மையாகத்தான் வந்தது. காளீஸ்வரி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசல் தார்ப்பாயோரம் நின்றாள், அவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு.

செல்லச்சாமி ஆறு கம்பியையும் வாங்கிக்கொண்டு மறைவாகப் போய், மூன்று மூன்றாகத் தனித்தனிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டார்ச்சில் மாட்டிக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி வைத்த வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டால் ஆர்க் விழும்வரை உள்ளே இருட்டுதான். கம்பியின் நுனியை முன்கூட்டிப் பார்க்க வழியில்லை.

முதல் கம்பி. பழைய பைப் துண்டின் மேல் நெருப்பு விழுந்தது. அது நிற்கவில்லை, ஒரு பக்கமாக நழுவியது.

"நீலம்" என்றார் பேச்சிராஜ் முகமூடிக்குள்ளிருந்து. "ஆடுது பாத்தீங்களா?"

இரண்டாவது. நெருப்பு நட்டு வைத்ததுபோல நின்றது. "இதுதான்வே செவப்பு! ராஜா மாதிரி நிக்கான்."

ஆறையும் சொல்லி முடித்தார். குரல் ஏறிக்கொண்டே போனது. செல்லச்சாமியின் முகம் அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கம்பியைக் கழற்றி மற்றவற்றோடு பெஞ்சில் பரப்பினார்.

"பேச்சி, ஆறும் தப்பு."

"என்னது?"

"நீ ஆணி அடிச்ச மாதிரின்னு சொன்ன மூணும் நீலம். ஆடுதுன்னு சொன்ன மூணும் நீ தீட்டுன செவப்பு."

பேச்சிராஜ் முகமூடியைத் தூக்கினார். முகம் வியர்த்திருந்தது. "நீங்க மாத்தி மாட்டிட்டீங்க."

"நான் மூணு மூணாத் தனித்தனிப் பாக்கெட்டுல வச்சிருந்தேன்பா."

"மிஷின்ல கரண்டு கூடக் கொறைய வருது."

"மூணுக்கு மட்டுமா?"

காளீஸ்வரி பெஞ்சுக்கு வந்து, பரப்பி வைத்திருந்த கம்பிகளைக் குனிந்து பார்த்தாள். கையால் தொடவில்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவர் தீட்டிய முனைகளில் கோடுகள் வளையம் வளையமாக ஓடின, வளையல் அடுக்கினதுபோல. அவள் தீட்டியவற்றில் கோடு நுனியை நோக்கி நீளவாக்கில் ஓடியது. வளையமாகத் தீட்டினால் நெருப்பு அலையும். நீளவாக்கில் தீட்டினால் நிற்கும். உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவளே சிவப்பைத் தீட்டியிருந்தால் அதுவும் ராஜா மாதிரிதான் நின்றிருக்கும். இத்தனை வருஷமாக அவர் சிவப்பின் குணம் என்று நம்பியது அவள் கையின் குணம்.

யோசிக்கிறவர் யாராவது அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: இரண்டு விஷயத்தை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, ஒன்றைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. இந்தச் சோதனை தோரியத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. லாந்தனத்தைப் பற்றியும் சொல்லவில்லை. காளீஸ்வரி அந்த வார்த்தைகளில் நினைக்கவில்லை. ஆனால் அதைத்தான் நினைத்தாள். வாயைத் திறந்து "இது என் தீட்டல்" என்று சொன்னால், பட்டறையே கேட்க, அந்த மனுஷனின் பேர் முழுக்கத் தன் கல்லில் தீட்டினது என்று நிரூபித்துவிடலாம். அப்படி ஒரு நாளுக்காகத்தானே இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்? ஆனால் சொன்ன மறுநிமிஷம் அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். "அப்ப செவப்பையும் அவளே தீட்டட்டும், மறுபடி பாப்போம்." மறுபடி பார்த்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். செல்லச்சாமி, "ரெண்டும் ஒண்ணுதானப்பா, இருக்க செவப்பத் தீத்துருவோம்" என்பார். பொடி திரும்ப அவள் மூக்குக்கு வரும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அதை நேர்மை என்று சொல்ல முடியாது. பெருந்தன்மை என்றும் சொல்ல முடியாது. அவளிடம் அது கிடையாது.

பேச்சிராஜ் கம்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இன்னொன்றை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். வெல்டிங் தெரிந்த மனுஷன். வளையக் கோடும் நீளக் கோடும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் கழுத்து மெல்லச் சிவந்தது. அவரிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. "இது கம்பியால இல்ல, தீட்டுனதால" என்று சொன்னால் பந்தயம் செல்லாமல் போகும். அதைச் சொல்ல, இந்தப் பொம்பளையின் கை இல்லாமல் தன் வெல்டிங் நிற்காது என்று முதலாளி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கம்பிகளைப் பெஞ்சில் போட்டார். "என்ன எழவோ. நீலத்தையே போடுங்க" என்றார்.

செல்லச்சாமி பிரிக்காத சிவப்பு டப்பாக்களை நாகராஜனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நிறம் போன கம்பி எல்லாவற்றையும் டின்னில் போட்டு மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். இனிமேல் வண்ண நுனியைக் கல்லில் வைக்கக் கூடாது என்றும் பேச்சானது.

"அந்தப் பொடி கெடக்கே அண்ணாச்சி" என்றாள் காளீஸ்வரி.

"எந்தப் பொடி?"

"கல்லுக்கு அடியில. இத்தன வருஷத்துப் பொடி. காத்தடிச்சா எந்திரிக்கும்."

"கூட்டித் தள்ளு."

"கூட்டுனா மூக்குக்குள்ளதான் போகும். நனைச்சுத் தொடச்சுத்தான் எடுக்கணும்."

நாகராஜனுக்கு அவளே போன் போட்டாள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றான். "முன்னால உள்ள போனது?" என்று கேட்டாள். "தோரியம் பாதி கொறையவே ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆகும்க்கா. அதனாலயே ஒரு நாளைக்கு அது விடுற கதிர் ரொம்பக் கம்மி. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்." "இருக்கலாமா?" என்றாள். "இருக்கலாம்" என்றான். போனை வைத்துவிட்டாள். அந்தச் சொல்லோடு அவள் என்ன செய்வது என்பதை அவனும் சொல்லவில்லை. வேறு யாருக்கும் அது தெரியாது.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். முந்தானையை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிரைண்டர் அடியில் உட்கார்ந்தாள். பேச்சிராஜ் பத்தடி தள்ளித் தன் பெஞ்சில் கைப்பிடி பைப்பை அளந்துகொண்டிருந்தார்.

"வெளிய போய் நிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். செல்லச்சாமி அங்கே இல்லை. போனோடு ரோட்டுக்குப் போயிருந்தார். அதை அறிந்தும் அப்படித்தான் சொன்னாள். பிறகு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் பக்கம் திரும்பினாள். "உமக்குத்தான் சொல்லுதேன். உம்ம மூக்கும் தொறந்துதான கெடக்கு."

"நீ சொல்லி நான் வெளிய போகணுமோ?"

"செத்தா என் பேரச் சொல்லாதேயும்."

"ஒன் பேரச் சொல்லிச் சாக எனக்கென்ன வேண்டுதலா?"

அவர் நகரவில்லை. துண்டைக்கூட மூக்கில் வைக்கவில்லை. வீம்புக்கு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார், அவள் பார்க்கும்படி. பைப்பை அளந்ததையே திரும்ப அளந்தார். பிறகு அவளைப் பார்க்காமல், "நீளவாக்கில தீட்டணும்னு எனக்கும் தெரியும்" என்றார்.

காளீஸ்வரியின் கை நின்றது.

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு இரும்" என்றாள்.

அவர் மூடிக்கொண்டார். அவள் துணியை நனைத்துப் பிழிந்து கல்லுக்கு அடியில் ஒற்றினாள். சாம்பல் பொடி குழம்பாகி வந்தது. காற்று ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. பட்டறைக்குள் ஒரு சுழல் புகுந்து பொடியைக் கிளப்பித் தரையோரமாக ஓடி பேச்சிராஜின் பெஞ்சுக்கு அடியில் போய் அடங்கியது. அவள் அதைப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய், அந்த பெஞ்சைச் சுற்றி, அவர் கால் நிற்கிற இடம்வரைக்கும், தண்ணீரை நாலு கை அள்ளித் தெளித்தாள். பொடி படிந்தது. எதற்கு அங்கே தெளித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் வாளியோடு அடிக்கப் போயிருப்பாள்.

"ஏட்டி, கேபிள் கெடக்கு! தண்ணிய ஊத்துதியே, ஷாக்கடிச்சுச் சாகவா?" என்று பேச்சிராஜ் துள்ளி எழுந்து வயரைத் தூக்கினார்.

"ஏட்டின்னா பல்லு இருக்காது" என்றாள் அவள். "சுவிட்ச அமத்திட்டு ஓரமா நில்லும்."

அவர் சுவிட்சை அமர்த்தினார். ஓரமாக மட்டும் நிற்கவில்லை.